முப்பத்தோராம் வரிசை, ஐந்தாம் கட்டம்

படூரில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் விற்பனை அலுவலகத்துக்குள் நுழைந்தால் எதிர்ச்சுவர் முழுக்க ஒரு படம் இருக்கும். இருபத்தேழாவது மாடிக்கு மேலே, மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் என்ன தெரியுமோ அது. இடது ஓரத்தில் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் முட்டுக்காட்டுக் கழிமுகமும் அதற்கப்பால் கடலும், வலது ஓரத்தில் குண்டூசி அளவுக்கு மாமல்லபுரம் கலங்கரை விளக்கம். பக்கத்தில் ஒரு தொடுதிரையும் வைத்திருக்கிறார்கள். விரலால் விரித்துக்கொண்டே போனால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் பால்கனியில் காயும் துண்டின் கோடுகளை எண்ணலாம். வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் தங்கள் ஆபீஸைத் தேடுவார்கள். பிறகு பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை.

படத்தை எடுத்தவன் நான். என் பெயர் அமானுல்லா. எங்கள் மகள் ஹனியா அந்தப் படத்தில் இருந்தாள். நான்தான் அவளை அழித்தேன்.

இந்த மாதிரிப் படம் ஒரே கிளிக்கில் வருவதில்லை. தூரத்தை இழுக்கும் பெரிய லென்ஸ் போட்ட கேமராவை, தானே திரும்பும் மோட்டார் தலையில் பொருத்தி, ட்ரைபாடில் நிறுத்திவிட வேண்டும். கீழிருந்து மேலாக ஒவ்வொரு கட்டமாக அது எடுக்கும். பதினாறு கட்டம் ஆனதும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி அடுத்த வரிசையை மறுபடி கீழிருந்து ஆரம்பிக்கும். அந்தப் படத்தில் அறுபத்து நான்கு வரிசைகள். கட்டத்துக்கு நான்கு நொடி. ஆரம்பித்துவிட்டால் ஒரு மணி எட்டு நிமிஷத்துக்கு யாரும் அதைத் தொடக்கூடாது.

எல்லாவற்றையும் பிறகு கம்ப்யூட்டரில் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்காக ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தின் மேல் கொஞ்சம் ஏறியிருக்கும். அதனால் ஒரே இடம் இரண்டு தடவை பதிவாகும், ஒரு நிமிஷ இடைவெளியில். கட்டடத்துக்கு அதனால் பாதகமில்லை. அசைகிறவைதான் தொல்லை. ஒரே பஸ் இரண்டு இடத்தில் நிற்கும். நடந்து போகிறவருக்கு இடுப்புக்கு மேலே இருக்காது. அவற்றைத் தேடிப் பிடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, அடியில் இருக்கும் இன்னொரு கட்டத்தின் காலி இடத்தை வெளியே கொண்டுவருவதுதான் என் வேலையில் பாதி. பதினோரு வருஷமாகச் செய்கிறேன். அதற்கு முன் செங்கல்பட்டில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஹனியாவுக்குப் பதினைந்து வயதில் இந்த விளையாட்டு தொடங்கியது. கொளவாய் ஏரியைக் குன்றின் மேலிருந்து எடுத்தபோது, அவளைக் கரையில் ஓரிடத்தில் நிற்கச் சொன்னேன். ஃபோகஸ் சரிபார்க்கத்தான். படம் ஒட்டி முடிந்ததும் அவள் தன்னையே தேடிக் கண்டுபிடித்து, வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினாள். அதற்குப் பிறகு நான் எடுத்த ஒவ்வொரு பெரிய படத்திலும் அவள் எங்காவது நிற்பாள். பெருநாளுக்குக் கடப்பாக்கத்தில் என் அக்கா வீட்டுக்குப் போனால், லேப்டாப்பைத் திறந்து வைத்து அக்கா பிள்ளைகளிடம், "ஹனியா எங்கே, கண்டுபிடி பாக்கலாம்" என்பாள். யாருக்கும் சீக்கிரம் கிடைக்க மாட்டாள்.

என் மனைவி ஜஹனாராவுக்கு முதலிலிருந்தே இது பிடிக்கவில்லை. கேளம்பாக்கத்தில் ஒரு படத்துக்காக ஹனியா இருபது நிமிஷம் டீக்கடை ஓரமாக நிற்க, இரண்டு பேர் பைக்கை நிறுத்திப் பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். அது தெரிந்த அன்று ஜஹனாரா சாப்பாட்டுத் தட்டை எனக்கு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"வயசுப் பொண்ண நடுரோட்டுல லேம்ப் போஸ்ட் மாதிரி நட்டு வெச்சு, மாடி மேல நின்னு வேடிக்க பாக்குறீங்க. நீங்கெல்லாம் ஒரு அத்தா. இனிமே அவ நிக்க மாட்டா. சொல்லுங்க."

"நிக்க மாட்டா" என்றேன். ஹனியாவும் தலையாட்டினாள். அதற்குப் பிறகும் இரண்டு படங்களில் நின்றாள். அவற்றை நாங்கள் ஜஹனாராவுக்குக் காட்டவில்லை. மூன்றாவது இது.

போன ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். இரண்டு நாள் காற்றடித்து வானம் துடைத்த மாதிரி இருந்தது. நான்கு மணி பத்துக்கு மோட்டாரை ஓடவிட்டேன். வெயில் எனக்கு முதுகுப் பக்கம். கிழக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி வடக்கு தெற்காகப் போகும் புது இணைப்புச் சாலை நன்றாகத் தெரிந்தது. ஹனியாவின் கல்லூரி அந்தச் சாலையில்தான். நாலரைக்கு வகுப்பு முடிந்து போன் செய்தாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டேன்.

"அத்தா, வேப்பமரத்துக்குக் கீழ கீறேன். தெரியறனா?"

"தெரியல. மரம் மறைக்குது. எதிர்ப்பக்கம் வெள்ளையா ஒரு காம்பவுண்டு சுவர் கீது பாரு, அங்க போ."

"அங்க ஒர்த்தன் ஒண்ணுக்குப் போய்கினு கீறான்."

"போனதும் போ."

"அவனும் நிக்கட்டுமே. என்னைய கண்டுபுடிக்கறவங்க அவனையும் கண்டுபுடிப்பாங்க."

சிரித்தேன். வரிசை இருபத்தொன்பது, முப்பது என்று நகர்ந்துகொண்டிருந்தது. அந்த ஆள் போய்விட்டான். முப்பதாவது வரிசையில் சுவர் ஓரத்தைக் கேமரா எடுத்தபோது அங்கே யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் சாலையைக் கடந்தாள். ஒரு ஆட்டோ போகட்டும் என்று போனில் சொல்லி நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, அவளாகவே கடந்தாள். அது அந்தப் பக்கம் போனபோது.

"எவ்ளோ நேரம் அத்தா? நீ எடுத்து முடிக்கறதுக்குள்ள நானு வேலைக்குப் போயி இதே பில்டிங்குல வூடு வாங்கிடுவேன்."

"வந்துட்டேன் வந்துட்டேன். முப்பத்தொண்ணு. நேரா மேல பாரு. ஆடாத."

ஐந்தாவது கட்டம் கேமராவின் திரைக்கு வந்தது. வெள்ளைச் சுவர், நடைபாதை, அதற்கு முன்னால் கொஞ்சம் சாலை. அவள் பச்சைத் துப்பட்டாவோடு நின்றாள். வலது கையில் போனைக் காதோடு பிடித்திருந்தாள். முகத்தில் நேராக வெயில். ஷட்டர் விழுந்தது.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. அருமையா கீது. வா."

"ரோடு?"

"காலியாத்தான் கீது. வா."

திரையில் காலியாகத்தான் இருந்தது. அந்த லென்ஸில், அந்தத் தூரத்தில், ஒரு கட்டத்துக்குள் விழுவது நாற்பது மீட்டர் சாலை. பதினோரு வருஷமாக எனக்குத் தெரிந்த கணக்கு. நாற்பது மீட்டருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று திரை காட்டாது என்பதும் தெரியும். ஒரு அடி நகர்ந்து கைப்பிடிச் சுவருக்கு மேலே வெறும் கண்ணால் பார்த்திருந்தால் போதும். வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி தெரிந்திருக்கும். ஊரையே விளிம்பு முதல் விளிம்பு வரை எடுத்துக்கொண்டிருந்தவன் நான்.

அவள் சிரித்துக்கொண்டே இன்னும் ஒன்று சொன்னாள். அதைப் பிறகு எழுதுகிறேன். நான்கு நொடி முடிந்ததும் மோட்டார் தன் வழக்கப்படி கேமராவை மேலே நகர்த்தியது. எனக்குப் போனில் ஹார்ன் கேட்டபோது திரையில் தென்னந்தோப்பு இருந்தது.

வேலையாட்களின் லிப்ட் கீழே எங்கேயோ இருந்தது. படியில் இறங்கினேன். இருபத்தேழு மாடி. எங்கேயோ விழுந்து முட்டி பெயர்ந்திருக்கிறது, அது மறுநாள்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "போன் பேசிகினே கிராஸ் பண்ணிக்கீது சார். போன் சுத்தமா நொறுங்கிட்சு. யார்கூட பேசிகினு இருந்துச்சுன்னு தெரியுமா?"

ஜஹனாரா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியல சார்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் சொல்லிவிட்டது. ஆனால் கழிவறைக்குப் போய் என் போனிலிருந்து அந்த அழைப்பை அழித்தேனே, அது யோசித்துச் செய்தது. போலீஸ் அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. லாரி ஓட்டியவர் மேல் வழக்குப் போட்டார்கள். இரண்டு பிள்ளைகள் அவருக்கு. பொண்ணு திடீர்னு வந்துட்டுது என்று அழுதாராம்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதச் சொந்தக்காரர்கள் வந்த இடத்தில் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. என் அக்கா சமையல்கட்டில் குரலைத் தாழ்த்திச் சொன்னது முன்னறை வரை கேட்டது.

"எவன்கூட பேசிகினு போச்சோ. கண்ணு தெரியாத அளவுக்கு அப்படி இன்னா பேச்சு? ஜஹனாரா ஒழுங்கா கவனிச்சிருந்தா..."

நான் முன்னறையில் ஓதவேண்டிய யாசீன் கிதாபைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய், "என் கூடத்தான் அக்கா" என்று சொல்ல நாலு எட்டு. எழுந்திருக்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அந்தப் பேச்சுக்குக் கை கால் முளைத்தது. பையன் வேற மதமாம், கூடப் படிக்கிறவனாம், அவனைப் பார்க்கத்தான் எதிர்ப்பக்கம் போனாளாம். ஒவ்வொன்றும் என் காதுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் பேசாமல் இருந்தேன்.

மேலே நான் விட்டு வந்த படத்தை, பிள்ளையைப் பறிகொடுத்த எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார் அருணகிரி. அந்தக் கட்டடத்தின் சைட் இன்ஜினியர், நல்ல மனுஷன். கேமராவை ஒரு பழைய போர்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"மேல போயி பாக்கறேன் சார், மிஷின் அதுபாட்டுக்கு முழுசா முடிச்சிட்டு நின்னுகினு கீது. நான்தான் ஆஃப் பண்ணேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

இரண்டு வாரம் கழித்து, சங்கடப்பட்டுக்கொண்டே அவரே போன் செய்தார். ஆபீஸ் திறப்பு விழா தேதி குறித்துவிட்டார்களாம். என்னால் முடியாவிட்டால் மெமரி கார்டை மட்டும் கொடுத்தால் போதும், வேறு ஆளை வைத்து ஒட்டிக்கொள்கிறார்களாம். வேறு ஆள் அந்தக் கட்டத்தைத் திறப்பான் என்று நினைத்ததும், "நானே பண்ணித் தரேன்" என்றேன்.

லாரியும் கூட்டமும் பதிவாகியிருந்த கட்டங்களை, விபத்துக்கு முந்தைய வாரம் சோதனைக்கு எடுத்த காலிச் சாலையை வைத்து மூடினேன். கடைசியாக முப்பத்தோராம் வரிசை, ஐந்தாம் கட்டம். அவள் நின்ற இடத்துக்கு அடியில் முப்பதாம் வரிசையின் வெறும் சுவர் இருந்தது. பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். முகத்தை முதலில் தேய்த்தேன். முகம் போய்விட்டால் மற்றது சுலபம் என்று நினைத்தேன். பாதி நேரம் திரையைப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினேன். முடிந்ததும் சேமித்து, அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்தேன்.

ஜஹனாரா அந்த நாட்களில் வேறு ஒரு தேடலில் இருந்தாள். ஹனியாவின் நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். கடைசிப் பக்கங்களில் கிறுக்கியிருந்த எழுத்துகளை எல்லாம் தடவித் தடவிப் படித்தாள். கூடப் படித்த வைஷாலியை வீட்டுக்கு வரவழைத்து, பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டாள். வைஷாலி அழுதுவிட்டாள். "அப்படி யாருமே இல்ல ஆன்ட்டி. எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லிடுவா."

"நான் திட்ட மாட்டேன்மா. அந்தப் பையன் யாரா வேணா இருக்கட்டும். எந்த மதமா வேணா இருக்கட்டும். வந்து, உங்க பொண்ணு கடைசியா இன்னா பேசுனான்னு ஒரே ஒரு தடவ எனக்குச் சொல்லிட்டுப் போவட்டும். அவன் கால்ல விழுறேன்."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

நாற்பதாம் நாள் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் என்னிடம் வந்தாள். "அன்னிக்கு மாடியில படம் எடுத்துகினு இருந்தீங்க இல்ல. அந்த ரோடு அதுல வருமா?"

"வரும். ஆனா ஒண்ணும் இருக்காது. காலியா இருக்கும்."

"காலியா இருந்தா பரவால்ல. அந்த இடத்த பாக்கணும்."

முடிந்த படத்தைத் திறந்து கொடுத்தேன். மவுஸை எப்படி உருட்டுவது என்று காட்டினேன். அன்றிலிருந்து தினம் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அதன் முன்னால் உட்காருவாள். சாலையை மட்டும் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் முழு ஊரையும் பார்த்தாள். ஒவ்வொரு ஜன்னலையும், ஒவ்வொரு பஸ் நிறுத்தத்தையும், போன் வைத்துக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு பையனையும். அங்கிருந்து எவனோ ஒருவன் தன் மகளோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்று நம்பித்தான் தேடுகிறாள் என்பது எனக்கு இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. டீ போட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

ஆறாம் நாள் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. இது இன்னா?"

வெள்ளைச் சுவர் திரை முழுக்க இருந்தது. அதில் சாம்பல் நிறத்தில், கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்து ஒன்று.

"சுவத்துல கறை."

"கறைக்கு முழங்கை கீதா?"

குனிந்து பார்த்தேன். அவளை அழித்திருந்தேன். அவள் நிழலை விட்டுவிட்டிருந்தேன். சாயங்கால வெயிலில் அது அவளை விட்டுத் தள்ளி சுவரில் விழுந்திருந்தது. தலை, தோள், காதுக்குப் போன் பிடித்த கையின் மடங்கிய முழங்கை. இந்த வேலையில் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு. ஆளைத் தேய்த்துவிட்டு நிழலை மறப்பார்கள். நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"இது யாரு?" என்றாள் ஜஹனாரா. "ஆளு எங்க?"

அப்போதும் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒட்டுகிற மென்பொருள் செய்த கோளாறு என்று சொன்னால் நம்பியிருப்பாள். இந்த வேலையைப் பற்றி நான் சொன்னதை அவள் என்றைக்கும் நம்பாமல் இருந்ததில்லை. நான் மவுஸை வாங்கி, இன்னொரு ஃபோல்டரைத் திறந்து, அந்த ஒரு கட்டத்தைத் திரைக்குக் கொண்டுவந்தேன்.

ஜஹனாரா கத்தவில்லை. திரைக்கு மிகப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். காதில் போன். கண் கூசாமல் இருக்கப் பாதி மூடிய கண்கள். வாய் ஏதோ சொல்லப் போகிற மாதிரி கொஞ்சம் திறந்திருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல பாக்குறா" என்றாள். "நேரா பாக்குறா."

திரையில் ஹனியாவின் கண்மேல் விரலை வைத்தாள்.

"உங்களத்தான் பாக்குறா. உங்க கூடத்தான் பேசிகினு இருந்தாளா?"

"ஆமா."

"என்கிட்ட நிக்க மாட்டான்னு சொன்னீங்க."

"ஆமா. இன்னொண்ணும் கீது ஜஹனாரா. ரோடு காலியா கீது, வான்னு நான்தான் சொன்னேன். எனக்குக் காலியாத்தான் தெரிஞ்சுது."

அதை அவள் கேட்டாளா என்றே தெரியவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கேட்டாள். "கடைசியா இன்னா சொன்னா?"

எத்தனையோ ராத்திரி இதற்கு வேறு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். பசிக்குது, அம்மாவ தோச சுடச் சொல்லு என்றாள், என்பது போல. ஹனியாவின் முகத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"'அம்மா கிட்ட சொல்லிடாத'ன்னு சொன்னா. சிரிச்சுகினே."

ஜஹனாரா மெதுவாகத் தலையாட்டினாள், யாரோ கடைக்குப் போய் வாங்கி வந்த சாமானைச் சரிபார்க்கிற மாதிரி.

"நல்லா காப்பாத்துனீங்க" என்றாள். "நாப்பத்தாறு நாளு."

பிறகு எழுந்து போய் என் போனை எடுத்து, கடப்பாக்கத்துக்கு, என் அக்காவுக்குப் போட்டாள். "மாமி, ஜஹனாரா பேசுறேன். என் பொண்ணு அன்னிக்கு அவ அத்தா கூடத்தான் பேசிகினு இருந்தா. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. இல்ல, வேற ஒண்ணும் இல்ல. இத சொல்லத்தான் கூப்ட்டேன்." போனை மேசையில் வைத்தாள். அடுத்த நாள் நான் காவல் நிலையத்துக்குப் போய், சாலையைக் கடக்கச் சொன்னவன் நான் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். லாரிக்காரருக்கு அதனால் ஏதாவது பயன் இருந்ததா என்று இதுவரை தெரியாது.

ஜஹனாரா என்னை விட்டுப் போகவில்லை. சமைக்கிறாள், தட்டு வைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அந்த விஷயத்தை அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நான் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள்.

போன மாதம் அருணகிரி போன் செய்தார். "சார், ஒரு சின்ன வேல. தொடுதிரையில ஒரு கஸ்டமரோட குழந்த சுவத்துல ஆளில்லாத நிழல் ஒண்ண கண்டுபுடிச்சு பயந்துகினு அழுதுட்சு. அத மட்டும் எடுத்துக் குடுத்துடுங்களேன். அஞ்சு நிமிஷ வேலதான?"

அது யார் நிழல் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஜஹனாரா கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். "நிழலை அழிக்கல. அவளையே திரும்ப அந்த இடத்துல வெச்சுட்றேன். யாருக்கும் தெரியப் போறதில்ல. அந்தச் சுவத்துல எப்பவும் இருப்பா."

முறத்தை ஆட்டுவதை நிறுத்தினாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அவள மறுபடியும் அங்க நிக்க வெக்காதீங்க" என்றாள்.

அன்றைக்கே உட்கார்ந்து நிழலையும் தேய்த்தேன். முழங்கையிலிருந்து தொடங்கி, இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு, ஓரமெல்லாம் பார்த்து, சரியாகச் செய்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இப்போது அந்தச் சுவர் சுத்தமாக இருக்கிறது. அது முப்பதாம் வரிசையின் சுவர், ஒரு நிமிஷம் முந்தையது. அப்போது ஹனியா சாலைக்கு இந்தப் பக்கம், வேப்பமரத்துக்கு அடியில் நின்றுகொண்டிருக்கிறாள். மரம் மறைக்கிறது. படத்தில் தெரிய மாட்டாள்.